மரியநேசனின் வலது கை

மரியநேசனின் வலது கையைத் திருக்கை மீன் குத்தியது சித்திரையில். அந்தக் கை பொய் சொல்கிறது என்று கரை தீர்மானித்தது வைகாசியில்.

குத்தியபோது நான் அங்கே இருக்கவில்லை. கேட்டதுதான். வலையிலிருந்து திருக்கையைக் கழற்றும்போது யாரோ பகிடி விட்டிருக்கிறார்கள். பகிடிக்கு மறுமொழி சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை மரியநேசன். தலையைத் திருப்பிச் சொன்னார். திருக்கை வாலைத் திருப்பியது. முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

ஆசுபத்திரியில் முள்ளை எடுத்து, தையல் போட்டு, கொஞ்ச நாள் மறித்து வைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியது. விரல்கள் மடங்கவில்லை. கையை நீட்டினால் ஐந்து விரலும் வாழைச்சீப்பு மாதிரி விறைத்து நின்றன.

கிளினிக்கில் டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். பாரம் இழுக்கக் கூடாது. அதற்காகக் கையைச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. மடக்கிப் பார்க்க வேண்டும், எதையாவது அமுக்க வேண்டும், தட்ட வேண்டும். கரைவலையில் கயிறு இழுக்கிற மரியநேசன் முதலாவதைக் கரைக்குச் சொன்னார். இரண்டாவதைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஊருக்கு நான் 'சேர்'. மரியநேசனின் வளவுக்குள் இருந்த சின்ன வீட்டில் குடியிருந்தேன். சாப்பாடு அவருடைய மனைவி அருளம்மாவின் குசினியிலிருந்து வரும். என் மனைவி செத்தபின் இடமாற்றம் கேட்டு வந்தவன் என்று ஊருக்குத் தெரியும். என்னைக் கண்டால் எல்லோரும் குரலைக் குறைப்பார்கள். மரியநேசன் குறைக்கவில்லை. அவருக்குக் குறைக்கத் தெரியாது.

ரப்பர் பந்து ஒன்றை அமுக்கச் சொல்லித்தான் கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பந்தை அமுக்கி யாருக்கு என்ன பயன் என்று அருளம்மா யோசித்தார். அடுத்த நாளிலிருந்து காலையில் ரொட்டிக்கு மா குழைப்பது மரியநேசனின் வேலையாயிற்று. மடங்காத விரல்களால் மாவை அறைந்து அறைந்து குழைப்பார். ரொட்டி சில நாள் ஓடு மாதிரி இருக்கும். சில நாள் சீலை மாதிரி இருக்கும். தொட்டுக்கொள்ள வந்த கட்டச்சம்பல் நன்றாக இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டுவதற்கு அவர் எடுத்தது ட்ரம்.

அது கோவில் ட்ரம். நெஞ்சில் வார் போட்டுத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அடிக்கிற பெரிய ட்ரம். அந்தோனியார் பெருநாளன்று அவருடைய சிலையான சுருவத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைவரை போய்த் திரும்புவார்கள். முன்னால் ட்ரம் போகும். சுருவம் தூக்குகிறவர்கள் அந்த அடிக்குத்தான் கால் வைப்பார்கள். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு வந்த முதல் பெருநாளிலிருந்து அதை அடிப்பது மரியநேசன். அப்போது கோவிலுக்குக் கூரை இருக்கவில்லை. ட்ரம் இருந்தது.

தடியைப் பிடிக்க முடியாததால் கையோடு சேர்த்துக் கட்டவேண்டும். இடுப்பில் கட்டிப் பழசான சாரத்துணியைச் சுற்றி, அதற்கு மேல் வலைநூலால் அருளம்மா கட்டுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பின்வளவுப் பூவரசுக்குக் கீழே இது நடக்கும்.

"இறுக்கிக் கட்டு."

"இறுக்கினா விரல் நீலமாகும்."

"ஆனா ஆகட்டும். பெருநாள் வருது."

"முந்தநாளும் இப்பிடித்தான் இறுக்கச் சொன்னனீங்கள். பிறகு சாரத்தைத் தூக்க ஏலாமல் வேலிக்கரையில நிண்டு கத்தினனீங்கள். ஆர் ஓடிவந்து அவிட்டது?"

"இஞ்ச பார், சேர் நிக்கிறார்."

"சேருக்கும் தெரியும். முழு வளவுக்கும் கேட்டது."

இடக்கையால் மட்டும் அடித்தால் என்ன என்று நான் கேட்டேன்.

"சேர், வலக்கை கேள்வி கேக்கும். இடக்கை மறுமொழி சொல்லும். கேள்வி இல்லாமல் ஒருத்தன் மறுமொழி சொல்லிக்கொண்டு நிண்டா அவனை என்ன எண்டுவியள்?"

"விசர் எண்டுவினம்," என்றார் அருளம்மா. "இப்பவும் அதுதான் சொல்லுகினம்."

டும் என்று அடித்தார். தடி கையோடு ஒழுங்காகத்தான் போய் வந்தது. அடிக்கும்போது அவர் கையைப் பார்க்கமாட்டார். கடல் இருக்கும் திசையைப் பார்ப்பார்.

அந்தச் சத்தம் கரைவரை போகும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. டிராக்டர் வைத்துக் கரைவலை இழுப்பதை அரசாங்கம் நிறுத்தச் சொன்னபிறகு மறுபடியும் கையால் இழுக்கிறார்கள். ஆள் போதாது. வெயிலில் கயிறு இழுத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு, கை ஏலாது என்று வீட்டில் நிற்கிறவன் ட்ரம் அடிக்கிற சத்தம் கேட்டால் நல்ல எண்ணம் வராது.

ஒரு பின்னேரம் நீக்கிலாஸ் சம்மாட்டி வந்தார். வலை அவருடையது. அந்த வருடப் பெருநாளும் அவருடைய பொறுப்பு. கூடவே அருளம்மாவின் தம்பி துசியந்தன், தலையைக் குனிந்துகொண்டு.

"நேசன், கை எப்பிடி?"

"பாருங்கோ சம்மாட்டியார். மடங்குதில்லை."

"மடங்காத கையால என்னெண்டு தடி பிடிக்கிறாய்?"

"பிடிக்கேல்ல. கட்டியிருக்கு."

"அப்ப கயிறையும் கட்டுவம்."

குசினிக்குள்ளிருந்து அருளம்மாவின் குரல் வந்தது. "கட்டுங்கோ அண்ணை. வலை கையைக் கழட்டிக்கொண்டு போனா நீங்களே வைச்சிருங்கோ. மிச்ச ஆளை என்னட்டை விட்டிட்டுப் போங்கோ."

"உன்னோட கதைக்க வரேல்லப் பிள்ளை."

"என்ர வளவுக்குள்ள நிண்டு கதைச்சா என்னோடதான் கதைக்கிறியள்."

நீக்கிலாஸ் பூவரசு வேரில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. கதைப்பதற்கு முன் கடலை ஒருமுறை பார்க்கிற பழக்கம் அவருக்கும் உண்டு. அங்கிருந்து கடல் தெரியாது. வேலிதான் தெரியும். அதைப் பார்த்தார்.

"கரையில சனம் கேக்குது, நேசன். வலைக்கு வராத கை சுருவத்துக்கு முன்னால மட்டும் வருமோ எண்டு. இந்த முறை துசியந்தன் அடிக்கட்டும்."

"இவனோ?"

"அத்தான், நான் கேக்கேல்ல," என்றான் துசியந்தன். "சம்மாட்டியார்தான் சொன்னவர்."

"இவன் ஃபோனில பாத்துப் பழகினவன், சம்மாட்டியார். இவன்ர அடிக்கு நடக்க ஏலாது. அந்தோனியார் ஓடித்தான் போகவேணும். அவற்ற கையில குழந்தையேசு வேற."

"சுவாமியிட்டயும் கேட்டிட்டன்."

"சுவாமி என்ன சொன்னவர்?"

"உங்களுக்குள்ள கதைச்சு முடியுங்கோ எண்டவர்." சுவாமி, எங்கள் பாதிரியார், மன்னார்ப் பக்கத்து ஆள். கரைவலைக்காரர்களின் கதைக்குள் தலை வைக்கக் கூடாது என்று வந்த மாதமே கண்டுபிடித்துவிட்டார்.

"துசி," என்றார் அருளம்மா, குசினி வாசலுக்கு வந்து. "நேற்று மத்தியானம் ஆர் வீட்டில சோறு திண்டனி?"

"இஞ்சதான் அக்கா."

"என்ன கறி?"

"பாரைக் குழம்பு."

"ஞாபகம் வைச்சிரு. கடைசிப் பாரை அது."

மரியநேசன் தடி கட்டின கையை ட்ரம்மின்மேல் வைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சம்மாட்டியார்," என்றார் கடைசியில், "கை போனாலும் பரவாயில்லை. ட்ரம்மை விடமாட்டன். ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. உங்கட வலையில இப்ப இழுவை ஒழுங்கில்லை. இழுவைக்கு அம்பாப் பாட்டுப் பாடின பவுலீஸ் அண்ணை மகளோட போய் இருக்கத் துடங்கினாப் பிறகு ஆளாளுக்கு ஒரு இழுவை. ஒருத்தன் இழுக்கேக்க மற்றவன் ஃபோன் பாக்கிறான். நான் கரையில நிண்டு அடிக்கிறன். அந்த அடிக்கு இழுக்கட்டும். ரெண்டு கயிறும் ஒண்டா வரும்."

நீக்கிலாஸ் வேலியை இன்னொரு முறை பார்த்தார். அம்பாப் பாட்டு இல்லாதது அவருக்கும் குறைதான்.

"சனிக்கிழமை பாப்பம். வலை நேரா வந்தா ட்ரம் உனக்கு. கோணினா துசியந்தனுக்கு. பிறகு ஒரு கதையும் கதைக்கப்படாது."

"ஓம்."

"ஆனா வடக்குக் கயிறுக்கு ஒரு ஆள் குறையுது."

மரியநேசன் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"சேர் சனிக்கிழமையில சும்மாதானே இருக்கிறார்."

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இழுத்ததில்லை. தோணி கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுப் போய், கடலில் அரைவட்டமாக வலையை விட்டு, மறு முனையைத் தூரத்தில் கரைக்குக் கொண்டுவரும். வடக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றில் ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுக்கவேண்டும். நடுவில் இருக்கிற மடிக்குள் மீன் சேரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும். மீனுக்கு அது வாசல் திறந்த மாதிரி.

சோளகக் காற்று தொடங்கியிருந்தது. அன்று காற்று தெற்கிலிருந்து கரையோடு வந்தது. இதை யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் யோசிக்கவில்லை.

மரியநேசன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மணல்மேட்டில் நின்றார். வெள்ளைச் சேட் போட்டிருந்தார். அருளம்மா தடியைக் கட்டிவிட்டு, கட்டின கையை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். அடி விழும்போது இழுப்பது, அடி நின்றால் நிற்பது என்று பேச்சு.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. டும் என்றால் பின்னால் ஒரு அடி. டும் என்றால் இன்னொன்று. கயிறு கையை அறுத்தது. ஆனால் அடுத்தவனைப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர், "பெருநாள் மாதிரிக் கிடக்கு, சேர்," என்றார்.

வடக்கில் நின்ற எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. சத்தம் காற்றோடு எங்களிடம் வந்தது. தெற்கில் நின்ற துசியந்தனுக்கும் ஆட்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் மரியநேசனின் கை மேலே போய்க் கீழே வருவது மட்டும் தெரிந்ததாம். காகம் கலைக்கிறார் என்று நினைத்தோம் என்று பிறகு சொன்னார்கள்.

பெருநாள் அடியில் ஒரு இடம் உண்டு. சுருவம் கடலைப் பார்த்துத் திரும்புகிற இடம். அங்கே அடி வேகமாகும். மரியநேசன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தன் பாட்டில் அந்த இடத்துக்குப் போய்விட்டது. நாங்கள் பின்பக்கமாக ஓடத் தொடங்கினோம்.

"வடக்குப் பொறு! தெற்கு இழு!" என்று நீக்கிலாஸ் கத்தினார். ட்ரம் சத்தத்தில் அது எங்களுக்குக் கேட்கவில்லை. சேட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். உற்சாகம் தருகிறார் என்று நினைத்து மரியநேசன் இன்னும் பலமாக அடித்தார்.

மிதவைகள் கடலில் சரிந்து ஒரு பக்கமாக வந்தன. நீக்கிலாஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கித் தெற்கைக் காட்டியபிறகுதான் விஷயம் விளங்கியது. மரியநேசன் ட்ரம்மோடு தெற்கே ஓடினார். அடித்துக்கொண்டே ஓடினார். இப்போது தெற்குக்குக் கேட்டது. அவர்கள் இழுத்தார்கள். எங்களுக்குச் சத்தம் நின்றது. பேச்சின்படி நாங்கள் நின்றோம். வலை மற்றப் பக்கம் கோணியது. அவர் வடக்கே ஓடிவந்தார். தெற்கு நின்றது. அவர் திரும்பவும் தெற்கே ஓடினார்.

"ஒரு இடத்தில நில்லடா!" என்று நீக்கிலாஸ் பின்னாலேயே ஓடினார்.

நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ ஓடும்போது வார் அறுந்தது. ட்ரம் மணல்சரிவில் உருண்டு கடலுக்குள் போனது. தாழவில்லை. ஒரு அலை அதை எடுத்து அடுத்த அலையிடம் கொடுத்தது. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் கோவில் ட்ரம் மிதந்து போவதை எல்லோரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்ததில் கயிறு தளர்ந்தது. திரும்பிப் போன அலை வலையை இழுத்தது. வடக்குக் கயிற்றுக்காரர் அத்தனை பேரும் ஒருவருக்கு மேல் ஒருவராக விழுந்தோம். கயிறு கையை விட்டுக் கடலுக்கு ஓடியது.

ட்ரம்முக்குப் பின்னால் ஓடிவந்த மரியநேசன் கயிறு ஓடுவதைக் கண்டார். வலது கையை அதன்மேல் போட்டார். கயிறு தடியில் சுற்றிக்கொண்டது. அவரை வயிற்றில் இழுத்துக்கொண்டு தண்ணீர்வரை போனது. அவர் குதிகாலை மணலில் குத்தினார். கயிறு நின்றது. நாங்கள் எழுந்து ஓடிப்போய்ப் பிடித்தோம்.

நான் சிரித்தேன் என்று அருளம்மா பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. வாய்க்குள் மணல் இருந்தது.

வலை ஒருவழியாகக் கரைக்கு வந்தது. மடியை அவிழ்த்தார்கள். கொஞ்சம் சூடை மீன். கொஞ்சம் காரல். ஒரு கூடை சொறி, ஒன்றுக்கும் உதவாத ஜெல்லிமீன். அதற்கு நடுவில் ட்ரம். அதன்மேல் ஒரு நண்டு ஏறி நின்று எங்களைப் பார்த்தது.

"கோணிட்டுது," என்றார் நீக்கிலாஸ். மூச்சு வாங்கியது. "கதை முடிஞ்சுது. துசியந்தன், ட்ரம்மை எடு."

பால் விடாத பிளேன்ரீக் கேத்திலோடு வந்து நின்ற அருளம்மா கேத்திலை மணலில் வைத்தார்.

"நில்லுங்கோ அண்ணை. மடிக்குள்ள வந்தது ஆருக்கு?"

"என்னது?"

"மடிக்குள்ள வந்ததுக்கு வழமை என்ன எண்டு கேக்கிறன். போன மாசம் ஒரு பிளாஸ்ரிக் கான் வந்தது. நீங்கள் தனிய எடுக்கப் போக, இழுத்த ஆக்கள் மறிச்சுப் பங்கு கேட்டவை. அறுத்துப் பங்கு போட்டதுதானே? அரைக் கான் இப்பவும் என்ர கோழிக்கு அடைப்பாக் கிடக்கு."

"அது கான். இது கோவில் ட்ரம்."

"கடலுக்க போகேக்க கோவில் ட்ரம். மடியால வரேக்க பங்கு."

கரையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பங்கு என்ற சொல்லுக்கு எதிராக அங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இன்றைக்கு ட்ரம்முக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பாரைக்கும் விட்டுக்கொடுக்கவேண்டி வரும்.

"வழமை எண்டால் வழமைதான், சம்மாட்டியார்," என்று எனக்குப் பின்னால் கயிறு பிடித்தவர் சொன்னார்.

"அக்கா, என்ர பங்கு அத்தானுக்கு," என்றான் துசியந்தன் அவசரமாக.

"என்ரயும்."

"என்ரயும் நேசனுக்குத்தான். இந்தப் பகிடியை இனி எங்க பாக்கிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சரி என்றேன்.

"சேருக்கும் பங்கோ?" என்றார் நீக்கிலாஸ்.

"இழுத்தவர்தானே," என்றார் அருளம்மா. "விழுந்தாலும் இழுத்தவர்."

நீக்கிலாஸ் கடலைப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே கடல் இருந்தது.

"சரி. நானும் வழமையே சொல்லுறன். பங்கு பங்குகாரனுக்குத்தான் கைமாறும். அண்டைக்குக் கயிறு பிடிக்காதவனுக்குப் பங்கும் இல்லை, மாத்திக் குடுக்கிறதும் இல்லை. நேசன், கேக்கிறன். நீ கயிறு பிடிச்சனியோ, பிடிக்கேல்லையோ?"

மரியநேசன் வாயைத் திறந்தார். மூடினார். நெஞ்சு முழுக்க மணல் அப்பியிருந்தது. பிடித்தேன் என்றால் ட்ரம் அவருக்கு. கை இவ்வளவு நாளும் பொய் சொன்னதாகிவிடும். பிடிக்கவில்லை என்றால் கை நேர்மையான கை, ட்ரம் போய்விடும். அவர் ஒரு விஷயத்தை அவ்வளவு நேரம் யோசித்ததை நான் கண்டதில்லை.

"பிடிச்சது தடி," என்றார். "தடி என்ர கையில."

"தடிக்குப் பங்கில்லை."

"அப்ப கையைக் கேட்டுப் பாப்பம்," என்றார் அருளம்மா. மீன் வெட்டுகிற கத்தியை யாரிடமோ வாங்கினார். "நூலை வெட்டுறன். தடி விழுந்தா கை பிடிக்கேல்ல. விழாட்டி பிடிச்சது. சரிதானே அண்ணை?"

"சரி."

எது நடக்கவேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நனைந்து இறுகின நூலைச் சுற்றுச் சுற்றாக வெட்டினார். சாரத்துணியை உரித்தார். அது மணலில் விழுந்தது.

தடி விழவில்லை.

ஐந்து விரலும் தடியைச் சுற்றி மடங்கியிருந்தன. மூட்டுகள் வெளுத்திருந்தன. மரியநேசன் வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"அருளம்," என்றார், "மடங்கியிட்டுது."

பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. அவருக்குக் குரலைக் குறைக்கத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அருளம்மா கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேத்திலை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார். முதல் பேணி நிரம்பி வழிந்தபிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மடங்குது," என்றார் நீக்கிலாஸ். "நல்லது. ட்ரம் உனக்கு. பெருநாளுக்கு அடுத்தநாள் விடிய அஞ்சு மணிக்குக் கயிறுக்கு வா."

"வாறன். இந்தாங்கோ, இந்தத் தடியை ஆரும் வாங்குங்கோ."

துசியந்தன் தடியைப் பிடித்தான். இழுத்தான். தடியோடு மரியநேசனும் வந்தார்.

"விடுங்கோ அத்தான்."

"விடுறன்தான். திறக்குதில்லை."

"என்ன?"

"கை திறக்குதில்லையடா."

கரை கொதித்தது. இவ்வளவு நாளும் மடங்கவில்லை என்றவன் இப்போது திறக்கவில்லை என்கிறான். நீக்கிலாஸ் தன் சேட்டைத் தேடிக்கொண்டு போனார்.

தேங்காயெண்ணெய் விட்டுத்தான் தடியை உருவி எடுத்தார்கள். கை அப்படியே மூடி இருந்தது. இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். கிளினிக்கில் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னார்கள், அருளம்மா வைத்தார். மூடின கையால் காலையில் மாவைக் குத்தினார். அந்த வாரம்தான் ரொட்டி ரொட்டியாக இருந்தது.

பெருநாளுக்கு முந்திய அந்த வாரம் முழுக்க, பின்னேரம் வந்தால் நீக்கிலாஸ் ஒரு முழக் கயிற்றுத் துண்டோடு வேலிப் படலையடியில் நிற்பார்.

"வாங்கு பாப்பம்."

"திறந்தாத்தானே வாங்கலாம், சம்மாட்டியார்."

"நித்திரையில திறக்குதோ?"

"நித்திரையிலயும் மூடித்தான் கிடக்கு," என்பார் அருளம்மா. "நான் பாத்தனான்."

"நீ ஏன் நித்திரை கொள்ளாமல் பாத்தனி?"

"எனக்கும் சந்தேகம்தான்."

உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் மரியநேசன் பூவரசுக்குக் கீழே தனியே உட்கார்ந்து, இடக்கையால் வலக்கைச் சுண்டுவிரலை நிமிர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். நிமிர்த்தி விட்டதும் அது திரும்ப மடங்கிக்கொண்டது. அவர் அதைத் திட்டினார். யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவர் பொய்க்காகத் தன் விரலைத் திட்டமாட்டார் என்று நினைத்தேன். பிறகு, நான் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

பெருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கட்ட வேண்டியிருக்கவில்லை. மூடின கைக்குள் தடியை ஒரு பக்கத்தால் செருகினார் அருளம்மா. உப்புத் தண்ணீர் குடித்த ட்ரம்மின் சத்தம் கொஞ்சம் அடைத்திருந்தது. புது வார் துசியந்தன் தைத்தது.

சுருவம் கோவிலைவிட்டு வெளிக்கிட்டது. சுருவத்தைத் தாங்கும் முன்தடியில் நீக்கிலாஸ், சால்வையைத் தோளுக்கு அடை கொடுத்துக்கொண்டு. மரியநேசன் அவருக்கு முன்னால். வலக்கை கேட்டது. இடக்கை மறுமொழி சொன்னது. அந்தோனியார் ஓடவில்லை. தெருவில் நின்ற சனம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தது. வெடி கொளுத்தினார்கள். கரையில் தோணிகளுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

கடற்கரையில் அடி வேகமாகியது. சுருவம் மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்தது. அடி நின்றது. சுவாமி கையை உயர்த்திக் கடலை ஆசீர்வதித்தார். கரையில் நின்ற எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

மரியநேசனும் போட்டார். சின்ன வயதிலிருந்து செய்கிற காரியம். அதற்கு யோசனை தேவையில்லை. வலது கை நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு வந்தது. இடது தோள், வலது தோள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

ஆமென் சொன்னபிறகுதான் அவர் கீழே பார்த்தார். தடி மணலில் கிடந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். அவர் கையை மூடினார். திறந்தார். மூடினார். திறந்தார். முகத்தில் மெல்ல மெல்லச் சிரிப்பு ஏறியது. அப்படியே நிமிர்ந்தார். சுருவத்தின் தடி தோளில் அழுத்த, கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பி நீக்கிலாஸ் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேசன்."

"சம்மாட்டியார்."

"நாளைக்கு அஞ்சு மணி."

மரியநேசன் குனிந்து வலது கையால் தடியை எடுத்தார். மணலைத் தட்டினார். டும் என்று ஒன்று போட்டார். சுருவம் கோவிலை நோக்கி நடந்தது.

எனக்குப் பின்னால் அருளம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சனம் பாடின பாட்டுக்கு மேலால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப இனி ரொட்டிக்கு மா ஆர் குழைக்கிறது?"

பிறகு என்னைப் பார்த்தார். குரலைக் குறைக்கவில்லை.

"சேர், உங்கட கை சுகம்தானே?"